மூன்றடுக்குக் கம்போஸ்ட் பானை: ஊட்டிக் குளிருக்கும் கொடைக்கானல் சாரலுக்கும் ஈடு கொடுக்குமா?

கோவையிலும் மதுரையிலும் மாடி வீடுகளில் பல வருடமாகப் புழங்கும் மூன்றடுக்கு மண்பானைக் கம்போஸ்ட் தொட்டியை இப்போது ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் வீடுகளிலும் வாங்கி வைக்கிறார்கள். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் கூடவே வரும் செய்முறைச் சீட்டை நம்பி வாங்கக் கூடாது. அதில் இருக்கும் நாள் கணக்கு, கலவை அளவு, பானை எண்ணிக்கை மூன்றுமே சமவெளிக்கு எழுதியவை. மலையில் அப்படியே பின்பற்றினால் இரண்டாவது மாதமே பானை நாறும், மூன்றாவது மாதம் அது பூச்செடித் தொட்டியாகிவிடும். அளவுகளை மாற்றிக்கொண்டால் இதே பானை நல்ல எருவைத் தருகிறது.

மலையில் இது சின்ன விஷயமில்லை. இங்கே குப்பை கொட்டச் சமநிலம் கிடையாது. எங்கே கொட்டினாலும் அது ஒரு சரிவு, சரிவுக்குக் கீழே ஓர் ஓடை. குன்னூர் ஆறு பவானியில்தான் போய்ச் சேர்கிறது. காய்கறித் தோலும் சோறும் பிளாஸ்டிக்கோடு கலந்து அழுகினால் அதன் கறுப்புச் சாறு மழையோடு இறங்கிவிடும். ஈரக் கழிவை வீட்டிலேயே நிறுத்திவிட்டால் மீதிக் குப்பை காய்ந்ததாக இருக்கும். தூய்மைப் பணியாளர் அதைக் கையால் தரம் பிரிக்கவும் முடியும்.

செட்டில் மூன்று பானைகள், ஒரு மூடி. ஒவ்வொரு பானையும் ஏறக்குறைய 25 முதல் 30 லிட்டர் கொள்ளும். மேல் இரண்டுக்கும் அடிப்பாகம் திறப்பு. சில செட்டில் கயிற்று வலை, சிலவற்றில் சல்லடை ஓட்டை. கீழ்ப் பானைக்கு மட்டும் முழு அடி. பக்கங்களில் காற்றுத் துளைகள். கூடவே ஒரு சின்ன முள்கரண்டி, ஒரு கட்டி தேங்காய் நார்த்தூள், ஒரு பாக்கெட் நுண்ணுயிர்ப் பொடி. மேல் பானை நிறைந்ததும் அதை நடுவுக்கு இறக்கி, நடுவில் இருந்த காலிப் பானையை மேலே ஏற்றுவார்கள். அடுத்த முறை நடுப் பானையில் இருப்பதைக் கீழே கொட்டுவார்கள். அமைப்பு எளிது, குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் சூட்டிலும் ஈரத்திலும் இருக்கிறது.

குளிர் செய்யும் வேலை

கழிவை மக்க வைக்கும் நுண்ணுயிர்களின் வேகம் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய பாதியாகிவிடும். கோவையின் ஆண்டுச் சராசரியைவிட ஊட்டியின் சராசரி 12 டிகிரி போலக் குறைவு. கீழே ஒரே ராத்திரியில் பொங்கும் இட்லி மாவு ஊட்டியில் மறுநாள் மதியம் வரை அசையாமல் கிடக்கிறதே, அதே கணக்குதான் இங்கும். சீட்டில் 45 முதல் 60 நாள் என்று போட்டிருந்தால், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நான்கு முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குன்னூர், கோத்தகிரியில் மூன்று நான்கு மாதம். கூடலூர், பந்தலூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற தாழ்ந்த இடங்களில் குளிர் அவ்வளவு தடையில்லை.

பெரிய குவியலாக இருந்தால் மக்கும்போது பிறக்கும் சூட்டை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு கன மீட்டர் அளவாவது வேண்டும். 30 லிட்டர் பானையில் பிறக்கும் சூடு பக்கவாட்டிலேயே போய்விடுகிறது. நடுவில் கை வைத்தால் லேசான வெதுவெதுப்பு தெரியும், அதற்கு மேல் ஏறாது. இதன் விளைவு பின்னால் உருளைக்கிழங்குத் தோல் விஷயத்திலும் வருகிறது.

மண்பானை என்பதால் இன்னொரு சங்கடம். சுட்ட மண்ணின் துளைகள் வழியாக ஈரம் ஆவியாகி வெளியேறும் என்பதுதான் இந்தப் பானையின் மொத்தத் தத்துவம். சாரலும் மூடுபனியும் நிற்கும் மாதங்களில் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கிறது, பானை எங்கே உலரும்? வெளிச்சுவரில் பச்சைப் பாசி படர்ந்தால் உள்ளே ஈரம் தேங்குகிறது என்று அர்த்தம். டிசம்பர், ஜனவரியில் காற்று காய்ந்திருக்கும். அப்போது ஈரம் நன்றாக ஆவியாகும், ஆனால் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மழைக்காலத்தில் உலராமல், பனிக்காலத்தில் சூடாகாமல் இரண்டு பக்கமும் இடிக்கிறது.

இதற்கு இடத்தேர்வு பாதி மருந்து. கூரைச் சரிவுக்கு உள்ளே, சாரல் அடிக்காத சுவர் ஓரமாக, முடிந்தால் காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் வையுங்கள். தரையில் நேராக வைக்காமல் நான்கு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தலைகுந்தா, காந்தல் போல உறைபனி விழும் பள்ளப் பகுதிகளில் வெட்டவெளியில் வைத்தால், ஈரம் ஊறிய பானை இரவில் உறைந்து விரிசல் விடும். நீர்ப்பனி தொடங்கும் நவம்பரிலேயே, காய்ந்த சருகு அடைத்த சாக்குகளைப் பானையைச் சுற்றிக் கட்டிவிடலாம். மேல்பக்கத்தை மூட வேண்டாம், காற்று அங்கேதான் போய் வர வேண்டும். பிப்ரவரி கடைசியில் சாக்கை அவிழ்த்துவிடுங்கள்.

எவ்வளவு சருகு?

சீட்டுகளில் பெரும்பாலும் “ஒரு பங்கு கழிவுக்கு ஒரு கைப்பிடி நார்த்தூள்” என்று இருக்கும். மலையில் பானை நாறுவதற்கு முதல் காரணம் இந்த ஒரு வரி.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ காய்கறிக் கழிவில் 800 கிராம் போல வெறும் தண்ணீர். நல்ல மக்கலுக்கு மொத்தக் கலவையில் ஈரம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு ஒரு கிலோவுக்கு 300 கிராமாவது காய்ந்த பொருள் சேர்க்க வேண்டும். ஆனால் எந்தக் காய்ந்த பொருள் என்பதில்தான் சூட்சுமம். கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) 25 அல்லது 30க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும். அட்டை, மரத்தூள் இரண்டிலும் கரிமம் மட்டும்தான், தழைச்சத்து இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஒரு கிலோ கழிவுக்கு 100 கிராம் அட்டை போட்டாலே விகிதம் சரியாகிவிடும், ஆனால் ஈரம் அப்படியே நிற்கும். ஈரத்துக்காக 300 கிராம் அட்டை போட்டால் விகிதம் 40ஐத் தாண்டி, ஏற்கெனவே குளிரில் மெதுவாக நடக்கும் மக்கல் இன்னும் படுத்துவிடும். காய்ந்த இலைச்சருகில் கொஞ்சம் தழைச்சத்தும் இருப்பதால் 300 கிராம் சேர்த்தாலும் விகிதம் 30க்குள் நிற்கிறது. ஆகவே மலைக்குச் சருகுதான் முதல் பொருள். அட்டையும் மரத்தூளும் ஒரு கிலோவுக்கு 100 கிராமைத் தாண்ட வேண்டாம்.

தராசு வேண்டியதில்லை. ஒரு கிண்ணம் கழிவுக்கு, நொறுக்கிய சருகு ஒன்றரைக் கிண்ணம், சாரல் மாதங்களில் இரண்டு கிண்ணம்.

நார்த்தூள் கெட்டதில்லை, ஆனால் அது உணவாவதைவிட ஈரத்தைப் பிடித்து வைக்கும் பஞ்சாகவே அதிகம் வேலை செய்கிறது. மூடுபனியில் திறந்து வைத்தால் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கட்டியைத் தண்ணீரில் ஊற வைத்துப் பயன்படுத்தச் சொல்லும் முறை மலைக்கு ஆகவே ஆகாது. உதிர்த்து, காய்ந்த நிலையிலேயே போடுங்கள்.

சருகில் வித்தியாசம் உண்டு. தேயிலைத் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக் இலை எங்கும் கிடைக்கும், தடிப்பானது, கையால் நொறுக்கிப் போட்டால் போதும். யூகலிப்டஸ் இலையில் உள்ள எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. மொத்தச் சருகில் கால் பங்குக்கு மேல் போக வேண்டாம், அதுவும் மழையில் நனைந்து வெளுத்த பழைய இலையாக இருக்கட்டும். பைன் ஊசியிலை மெழுகு பூசினாற்போல இருப்பதால் மக்க வெகு காலம் எடுக்கும், அடியில் காற்று போக ஒரு படுக்கையாக விரிக்க மட்டும் நல்லது. கீழ்ப்பழனி மலைக் கிராமங்களில் வாழைச்சருகு தாராளம், அது எல்லாவற்றையும்விட வேகமாக மக்கும். பிப்ரவரி, மார்ச்சில் சருகு மொறுமொறுவென்று கிடக்கும்போதே எட்டுப் பத்து சாக்கு சேர்த்துக் கூரைக்குக் கீழே கட்டி வைத்துவிடுங்கள். ஜூலையில் தேடினால் நனைந்த சருகுதான் கிடைக்கும், அதைப் போட்டு என்ன பயன்?

தினசரி வேலை

கேரட் நுனி, முட்டைக்கோஸ் மேலிலை, மேரக்காய் (சௌசௌ) தோல் எல்லாவற்றையும் விரல்கடை அளவுக்கு நறுக்குங்கள். பெரிய துண்டு குளிரில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நறுக்கியதை ஒரு ஓட்டைக் கூடையில் ஒரு ராத்திரி வடிய விடுங்கள். டீத்தூளைப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். சாம்பார், ரசம் மிச்சத்தைத் திரவமாக ஊற்ற வேண்டாம்.

புதுப் பானையின் அடியில் ஒரு தாள், அதன் மேல் நான்கு விரல் உயரத்துக்கு உடைத்த சுள்ளியும் பைன் ஊசியும். பிறகு கழிவு, மேலே சருகு. மேலாகத் தூவினால் போதாது, கழிவு தெரியாதபடி மூட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை முள்கரண்டியால் மேல் ஒரு சாண் ஆழத்தைக் கிளறுங்கள். தினமும் கிளறாதீர்கள், சேர்ந்திருக்கும் சூடு ஒவ்வொரு கிளறலிலும் போகிறது. ஈரத்தைச் சோதிக்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி தெரிந்தால் சரி. ஒழுகினால் சருகு போதவில்லை. பிடியைத் திறந்ததும் உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம், ஜனவரியில் இது நடக்கும்.

வாடையே நோயைச் சொல்லிவிடும். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்றில்லை. மொத்தத்தையும் ஒரு சாக்கில் கொட்டி, சுள்ளியும் சருகும் கலந்து திரும்ப நிரப்புங்கள். மூக்கில் ஏறும் நவச்சார (அம்மோனியா) வாடை வந்தால் தழைச்சத்து அதிகம், பட்டாணித் தோலும் கீரைத்தண்டும் நிறையப் போயிருக்கும், அதற்கு அட்டைத் துண்டு நல்ல மருந்து. புளித்த வாடைதான் மலையில் அடிக்கடி வரும். சோறும் பழமும் குளிரில் மக்காமல் புளிக்கின்றன. இதற்கு மேலும் புளித்த மோர் ஊற்றச் சொல்வார்கள். செய்யாதீர்கள், அது புளிப்பை ஏற்றும். ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல், இரண்டு கைப்பிடி பாதி காய்ந்த சாணம், நிறையச் சருகு. பத்து நாளில் தெளிந்துவிடும்.

பாக்கெட்டில் வரும் நுண்ணுயிர்ப் பொடிக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. சாணம் போதும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏரிப்பக்கம் சவாரிக் குதிரைகள் இருப்பதால் குதிரை லத்தி எளிதாகக் கிடைக்கும். மாட்டுச் சாணத்தைவிட அது சூடு பிறப்பிக்கும், ஈரமும் குறைவு. குதிரைக்கு அண்மையில் குடற்புழு மருந்து கொடுத்தார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள், கொடுத்திருந்தால் அந்த லத்தி மண்புழுவைக் கொல்லக்கூடும்.

மண்புழு விடுவதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. சமவெளியில் பரவலாக விற்பது யூட்ரிலஸ் என்ற ஆப்பிரிக்கப் புழு. அது வெப்பத்துக்குப் பழகியது, ஊட்டிக் குளிர்காலத்தில் செத்துப்போகும். ஐசீனியா ஃபெடிடா என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், சிவப்புப் புழு, குளிர் தாங்கும். அதையும் மேல் பானையில் விடாமல், பாதி மக்கிய கீழ்ப் பானையில் விடுங்கள்.

கீழ்ப் பானையில் கறுப்புத் தண்ணீர் தேங்கினால் அதைத் திரவ உரம் என்று கீரையில் தெளிக்கிறார்கள். அது மக்காத கழிவின் சாறு. சருகுச் சாக்கில் ஊற்றி, அந்தச் சருகையே திரும்பப் பானைக்குப் போடுங்கள். சாக்கடையில் ஊற்றினால் அது போய்ச் சேருவது ஓடையில்தான்.

பானைக்குள் போகக் கூடாதவை

மீன், கறி, எலும்பு, எண்ணெய், நெய் கலந்த எதுவும் வேண்டாம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் எண்ணெய் வாடைக்குக் கரடி வீட்டுக் கதவையே உடைக்கும், பானை எம்மாத்திரம்? காட்டுப்பன்றி ஒரு முட்டில் மூன்றடுக்கையும் சாய்த்துவிடும். குரங்கு மூடியைத் தூக்கிப் போட்டு உடைக்கும். செட்டோடு வரும் மண்மூடி லேசானது, அதன் மேல் ஒரு கல்லை வைத்தால் போதாது. மூடியின் குமிழிலிருந்து அடிப் பானை வரை கம்பியால் குறுக்காகக் கட்டி, சுவரில் ஒரு வளையத்தோடு மாட்டுங்கள். பலாச்சுளைச் சக்கையும் அழுகிய பிளம்ஸும் போடும் நாளில் சருகு இரட்டிப்பாக இருக்கட்டும்.

உருளைக்கிழங்கு விஷயத்தை எந்தச் சீட்டும் சொல்வதில்லை. கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. கொடைக்கானல் மலையிலும் உண்டு. அதன் கூடு மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். பானை சூடாகாது என்று மேலே சொன்னது இங்கேதான் முக்கியம். இந்தச் சூட்டில் அந்தக் கூடு சாகாது. மண் ஒட்டிய தோலையும் கிழங்கு கழுவிய வண்டலையும் போட்டு, அந்த எருவைக் கிழங்குப் பாத்தியில் இட்டால் நோயை நாமே கொண்டுபோய் வைத்ததாகிவிடும். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் வேரும் அப்படித்தான். வேர் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் பானைக்கு வரவே கூடாது. இலையும் தண்டும் தாராளமாகப் போடலாம்.

“மக்கும் பை” என்று அச்சிட்ட பைகளையும் போட வேண்டாம். அவற்றின் தரச்சோதனை 58 டிகிரியை ஒட்டிய ஆலைச் சூட்டில் செய்யப்படுவது. 15 டிகிரிப் பானையில் பை பையாகவே இருக்கும். பேப்பர் கப்பின் உள்பூச்சும் பிளாஸ்டிக்தான்.

எத்தனை பானை, என்ன செலவு

இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு செட் போதும். நான்கு பேர் என்றால் நாளுக்கு 600, 700 கிராம் ஈரக் கழிவு, அதோடு சருகு. ஒரு பானை மூன்று வாரத்தில் நிறையும். கீழ்ப் பானையைக் காலி செய்யும்போது கழிவுக்கு வயது ஆறு முதல் ஒன்பது வாரம், மலையில் அது பாதி வழி. விற்பவர்கள் இன்னொரு செட் வாங்கச் சொல்வார்கள். அதைவிட நூறு லிட்டர் டிரம் இரண்டு வாங்குங்கள். அடியிலும் பக்கத்திலும் பத்து மில்லிமீட்டர் துளை நாற்பது போட்டு, கீழ்ப் பானை நிறையும்போதெல்லாம் அதில் கொட்டி மூடுங்கள். ஒரு டிரம் நிறைய மூன்று மாதம் ஆகும், அது நிற்கும் மூன்று மாதத்தில் அடுத்தது நிறையும். எஸ்டேட்டில் மருந்து வந்த டிரம்மை மட்டும் விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள். களைக்கொல்லி கழுவினாலும் முழுதாகப் போகாது.

எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள், காட்டேஜ்கள், பள்ளி விடுதிகளுக்கு இந்தப் பானையே வேண்டாம். நான்கு மீட்டர் கம்பி வலையை வட்டமாகச் சுருட்டி நிறுத்தினால் ஏறக்குறைய 1.2 மீட்டர் குறுக்களவு வரும். ஒரு மீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் ஒரு கன மீட்டருக்கு மேல். சருகு, கழிவு, குதிரை லத்தி என்று அடுக்கி மேலே தார்பாய் போட்டால் ஊட்டியிலேயே 50 டிகிரியைத் தாண்டும். செலவு செட்டைவிடக் குறைவு. பன்றி வராத இடத்தில், கூரைக்குக் கீழே அமைக்க வேண்டும்.

மின்சாரக் கம்போஸ்டர் என்று விற்பவை பெரும்பாலும் கழிவைச் சூடாக்கி அரைத்து உலர்த்துகின்றன. வெளியே வருவது உலர்ந்த கழிவு, எருவல்ல. செடியில் போட்டு மழை பட்டால் பூஞ்சை பிடித்து நாறும். கழிவைக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைக்கும் போகாஷி வாளி சமையலறைக்குள்ளேயே இருப்பதால் குளிர்ப் பிரச்சினை குறைவு, ஆனால் கடைசியில் அதை மண்ணில் புதைக்க வேண்டும், புதைத்ததைப் பன்றி தோண்டும்.

பானை செட்டைக் கூரியரில் வரவழைத்தால் மலைப்பாதை வளைவுகளில் ஒரு பானையாவது கீறலோடு வரும். பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும், மொத்தையான ஓசை வந்தால் திருப்பி அனுப்புங்கள். தனிப்பானை மாற்றாகத் தருவார்களா என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள், முழு செட்டாக மட்டும் விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். அடிவலை சணலாக இருந்தால் ஒரே மழைக்காலத்தில் இற்றுவிடும், நைலான் கயிறு போட்டுப் பின்னிக்கொள்ளுங்கள்.

எரு ஆகிவிட்டதா என்பதற்கு நிறத்தை நம்பாதீர்கள், குளிரில் அழுகியதும் கறுப்பாகத்தான் இருக்கும். ஒரு பிடியை ஈரமாக ஒரு பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மண் வாசம் வந்தால் சரி, புளிப்போ நாற்றமோ வந்தால் இன்னும் ஒரு மாதம் டிரம்மில் கிடக்கட்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் அதில் பத்து முள்ளங்கி விதை போடுங்கள், எட்டு விதையாவது முளைக்க வேண்டும். சலித்த எருவை ஒரு பங்குக்கு மூன்று பங்கு மண் என்று கலக்கலாம். மலை மண் புளிப்பு மண் என்பதால் கேரட், பீன்ஸ், பீட்ரூட் பாத்திகளுக்குச் சத்தும் தந்து புளிப்பையும் குறைக்கும் இந்த எரு இரட்டை நன்மை. அசேலியாவுக்கும் நீல ஹைட்ரேஞ்சியாவுக்கும் கொஞ்சமாகப் போடுங்கள், மண்ணின் புளிப்பு குறைந்தால் நீலப்பூ ரோஸ் நிறத்துக்கு மாறிவிடும்.